எடைத்தேக்கம்: உடற்பருமன் அறுவைக்குப் பின்

உடற்பருமனைக் குறைக்க இரைப்பையில் அறுவை செய்துகொண்டோரை இன்று நம் உறவினரிடையிலும் நண்பரிடையிலும் காண்கிறோம். அறுவைக்குப் பின் முதற்சில திங்கள்களில் எடை விரைந்து இறங்குகிறது. கண்டோர் வியக்கின்றனர். பின்னர் ஒருநாள் எடைகாட்டும் கருவி நின்ற எண்ணிலேயே நின்றுவிடுகிறது. ஒரு வாரம், இரு வாரம், ஒரு திங்கள் எனக் காலம் கழிந்தும் அசைவில்லை. அப்போது நோயாளி தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளும் வினா, "நான் என்ன தவறு செய்தேன்?" என்பது. வீட்டார் கேட்பது அதனினும் கொடிது: "இத்தனை இலட்சம் செலவழித்தும் வாயைக் கட்ட முடியவில்லையா?" இவ்விரு வினாக்களும் பெரும்பாலான நேரங்களில் பொருந்தாதவை. ஏன் பொருந்தாதவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நிலையை மருத்துவர்கள் 'பிளாட்டோ' என்று ஆங்கிலத்தில் குறிப்பர். மேட்டுச் சமநிலம் என்பது அதன் பொருள். (கிரேக்க அறிஞர் பிளேட்டோவை நினைந்து மாணவர் குழம்ப வேண்டா.) எடையை வரைபடமாகத் தீட்டினால், சரிந்து வரும் கோடு ஓரிடத்தில் கிடையாகச் செல்வதால் இப்பெயர் ஏற்பட்டது. தமிழில் இதனை எடைத்தேக்கம் எனலாம். தேங்குதல் என்பது ஓட்டம் நின்றதைக் குறிக்குமேயன்றி, மதகு உடைந்ததைக் குறிக்காது. சொல் அளவிலேயே இஃது ஓர் ஆறுதல்.

முதலில் அறுவையின் தன்மையைச் சுருங்கக் காண்போம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் 1966-ஆம் ஆண்டில் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கிவைத்தார். இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பது இம்முறை. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது மற்றொரு முறை. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நெடுக வெட்டி அகற்றி, எஞ்சியதைக் குழல்போல் ஆக்கிவிடுவர். இதனைக் குழலிரைப்பை அறுவை என்போம். இரண்டும் உண்ணும் அளவைக் குறைப்பதோடு நில்லாமல், பசியை ஆளும் சுரப்புகளையும் மாற்றுகின்றன. 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிவியலார் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த 'கிரெலின்' என்னும் பசிச்சுரப்பு பெரிதும் இரைப்பையின் மேற்பகுதியில் உண்டாவது. குழலிரைப்பை அறுவையில் அப்பகுதி அகற்றப்படுவதால் பசி தணிகிறது.

முதல் தேக்கம்

அறுவை முடிந்த மூன்றாம் வாரத்தை ஒட்டியே பலர்க்கு முதல் தேக்கம் வந்துவிடுகிறது. நோயாளி மிகவும் அஞ்சுவதும், அஞ்ச வேண்டாததும் இதுவே. நம் கல்லீரலிலும் தசைகளிலும் 'கிளைக்கோஜன்' என்னும் மாவுச்சத்துச் சேமிப்பு ஏறத்தாழ அரைக் கிலோ உள்ளது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னுடன் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உணவு திடீரெனக் குறையும்போது உடல் முதலில் செலவழிப்பது இச்சேமிப்பையே. அதனோடு நீரும் வெளியேறுகிறது. ஆகவே முதல் வாரங்களில் இறங்கிய எடையில் ஒரு பகுதி கொழுப்பன்று, நீர். பின்னர் உணவு சிறிது கூடும்போது உடல் அந்நீரை மீண்டும் தேக்கிக்கொள்கிறது. உள்ளே கொழுப்புக் கரைந்துகொண்டிருக்க, வெளியே எடைக்கருவி அசையாதிருப்பது இதனால்தான். இடுப்புச் சுற்றளவை நூல்நாடாவால் அளந்தால் உண்மை தெரியும். சட்டை தளர்கிறது, விரலில் மோதிரம் சுழல்கிறது. எடைக்கருவி மட்டுமே அதனை அறியாது. இத்தேக்கம் சில நாள்களிலோ வாரங்களிலோ தானே நீங்கும்.

உடலின் கணக்கு

ஆறு திங்களுக்குப் பின்னரும் ஓராண்டை ஒட்டியும் வரும் தேக்கம் வேறு வகையானது. இதனை அறிய 1944-ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், பஞ்சத்தால் நலிந்தோரை எவ்வாறு மீட்பது என்பதை ஆராய, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சான்றின் பொருட்டுப் போர்த்தொழிலை மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமே முன்வந்தனர். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே வழங்கப்பட்டது. உடலெடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அவர்கள் இழந்தனர். ஆனால், ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலோ ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. எடை குறைந்த அளவினும் செலவு குறைந்த அளவு மிகுதி என்பதே இங்கு நோக்கத்தக்கது. இதயத்துடிப்புத் தாழ்ந்தது. அவர்களால் குளிரைத் தாங்க இயலவில்லை. எந்நேரமும் உணவையே எண்ணினர். சிலர் சமையல் நூல்களைச் சேகரித்துப் படித்தனர். இவர்கள் பருத்தவர்களும் அல்லர், மனவுறுதி குன்றியவர்களும் அல்லர். வருவாய் குறைந்த குடும்பத்தலைவர் செலவைச் சுருக்குவதுபோல் அவர்களுடைய உடல் செலவைச் சுருக்கிக்கொண்டது. அவ்வளவே.

உடலுக்கு இச்செய்தியைக் கொண்டுசெல்வது எது? நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் 1994-ஆம் ஆண்டில் 'லெப்டின்' என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவே இதனைச் சுரக்கிறது. கொழுப்புக் குறைந்தால் லெப்டினும் குறைகிறது. மூளை அதனைப் பஞ்சத்தின் அறிகுறியாகக் கொண்டு பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. நாம் மருத்துவமனையில் கையொப்பமிட்டு விரும்பி இழக்கும் எடைக்கும், பஞ்சத்தில் இழக்கும் எடைக்கும் வேறுபாடு காண மூளைக்குத் தெரியாது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'த பிக்கெஸ்ட் லூசர்' என்னும் எடைக்குறைப்புப் போட்டி நடைபெற்றது. கடும் உணவுக்கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் எடை குறைத்த 14 போட்டியாளர்களை ஆறு ஆண்டுகளுக்குப் பின் கெவின் ஹால் குழுவினர் ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பிவிட்டிருந்தது. ஆயினும் அவர்களது உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல், எதிர்பார்க்கும் அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. இப்போட்டியாளர்களையும் மாற்றுவழி அறுவை செய்துகொண்டோரையும் ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. அறுவை செய்துகொண்டோர் இழந்த எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தசை முதலான கொழுப்பல்லாத பகுதி. கடும்பயிற்சி செய்தோரிடம் அது ஏறத்தாழ 16 விழுக்காடே. தசை குறைந்தால் ஆற்றற்செலவு மேலும் குறையும். தேக்கமும் விரைந்து வரும். ஆகவே எடையை இழப்பதினும் தசையை இழக்காதிருப்பதில் நோயாளி கருத்துச் செலுத்த வேண்டும்.

எங்கே நிற்க வேண்டும்?

இறுதித் தேக்கம் என்பது நோயன்று. அறுவையின் இயல்பான முடிவு. ஸ்வீடன் நாட்டில் 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு ஒன்றில், அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரையும், அறுவையின்றி வழக்கமான மருத்துவம் பெற்ற அதே அளவினரையும் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். மாற்றுவழி அறுவை செய்துகொண்டோர் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தம் எடையில் 32 விழுக்காட்டை இழந்தனர். அதற்குமேல் இறங்கவில்லை. பத்தாண்டு முடிவில் இழப்பு 25 விழுக்காடாக இருந்தது. அதாவது சிறிது எடை திரும்பியிருந்தது.

இதனை நம் கணக்கில் வைத்துப் பார்ப்போம். 120 கிலோ எடையுள்ள ஒருவர் 32 விழுக்காட்டை இழந்தால் ஏறத்தாழ 82 கிலோவில் நிற்பார். பத்தாண்டில் அவர் 90 கிலோவாகலாம். உயரத்திற்கேற்ற எடை 65 கிலோ என்று எங்கோ படித்துவிட்டு, 82-இல் நின்றதைத் தோல்வியென்று அவர் வருந்துகிறார். ஆனால் மருத்துவர் கண்ணில் அது வெற்றி. மேற்கண்ட ஸ்வீடன் ஆய்வே 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைந்திருந்தது. எடை தேங்கியவர்களும் சிறிது திரும்பப் பெற்றவர்களும் அக்கூட்டத்தில் அடக்கம் என்பதை நாம் மறத்தலாகாது. சர்க்கரை நோய்க்கான மாத்திரை குறைந்ததா, இரத்த அழுத்தம் தணிந்ததா, படியேறும்போது மூச்சு வாங்காதிருக்கிறதா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

செய்யத்தக்கன

தேக்கத்தைக் கண்டு அஞ்சி உணவை மேலும் குறைப்போரே மிகுதி. இஃது உடலுக்குப் பஞ்சச் செய்தியை மீண்டும் அனுப்புவதாகும். 'பையை மீண்டும் சுருக்கும்' நீராகாரத் திட்டங்கள் என ஐந்து நாள், பத்து நாள் கணக்கில் சிலர் விற்கின்றனர். அறுவையால் அமைந்த பையை நீராகாரம் சுருக்காது. அந்நாள்களில் இறங்குவது பெரும்பாலும் நீரெடையே. அது திரும்பி வந்துவிடும்.

புரதம் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையலாகாது என்பது பொதுவான அறிவுரை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் உண்டு. தட்டில் முதலில் மீன், முட்டை, கோழி, பயறு, தயிர் ஆகியவற்றை உண்டு, இடமிருந்தால் சோறு என்னும் வரிசை நன்று. உணவோடு நீர் அருந்தலாகாது; அரைமணி நேரம் கழித்து மிடறு மிடறாக அருந்துதல் வேண்டும். சிறு பையில் இரண்டு இட்லி இறங்காதவர்க்கும் முறுக்கும் பிஸ்கட்டும் பனிக்கூழும் எளிதில் வழுக்கி இறங்கிவிடும். சர்க்கரை இட்ட தேநீர் நாளுக்கு ஐந்து குவளை என்றால், அதுவே ஓர் உணவுக்கு ஈடாகும். தேக்கம் நீடித்தால் ஒரு வாரம் உண்டது, குடித்தது அனைத்தையும் எழுதிப் பார்ப்பது நலம். குற்றம் காண்பதற்கன்று, உண்மை அறிவதற்கு.

நடைப்பயிற்சி நல்லது; ஆனால் தசையைக் காக்க எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். தொழுகையின் குனிதலும் நிமிர்தலுமே உடற்பயிற்சியாகப் போதும் என்பார் உளர். வழிபாட்டை வழிபாடாகவே கொள்வோம். தசைக்குத் தனிப்பயிற்சி தேவை. மருத்துவர் இசைவுடன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தாலும் பயன் தரும்.

இனி, நம் வீடுகளைப் பற்றி ஒரு சொல். வலீமா விருந்தில் "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்துவதும் நாமே. மறுநாள் "எடை குறையவில்லையே" என்று கேட்பதும் நாமே. வயிற்றின் மூன்றில் ஒரு பகுதியையே உணவுக்கு விடுமாறு பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதை மேடையில் பேசுகிறோம். விருந்தில் அதனைப் பின்பற்றுபவரைப் பந்தியில் வருத்துகிறோம். சிறு தட்டில் சிறிது உண்டு எழுபவரை அவ்வாறே விட்டுவிடுவது சிறந்த விருந்தோம்பல்.

நோன்பு குறித்தும் தெளிவு வேண்டும். தேங்கிய எடை ரமலானில் இறங்கிவிடும் என்றெண்ணி, அறுவை முடிந்த சில திங்களிலேயே நோன்பு நோற்கத் துணிவோர் உளர். முதல் ஓராண்டேனும் தள்ளிவைக்குமாறு மருத்துவர் பலர் கூறுகின்றனர். ஏனெனில் சிறு பை உடையவர் இப்தாருக்கும் சஹருக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒரு நாளுக்குரிய நீரையும் புரதத்தையும் உட்கொண்டு முடிப்பது கடினம். உடலில் நீர் வறளும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. தம் மருத்துவரையும் உலமாப் பெருமக்களையும் கலந்து முடிவு செய்க. நோன்பு இறைவனுக்குரிய கடமை. எடைக்குறைப்பு மருந்தாக அதனைக் கருதுவது இரு வகையிலும் பிழை.

தேக்கத்தால் விளையும் பெருங்கேடு ஒன்று உண்டு. மனமுடைந்தோர் வெட்கத்தால் மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிடுகின்றனர். அத்துடன் சத்து மாத்திரைகளும் நின்றுவிடுகின்றன. மாற்றுவழி அறுவைக்குப் பின் வைட்டமின் பி-12, இரும்பு, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். குழலிரைப்பை அறுவைக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். பி-12 குறைவு சில ஆண்டுகள் கழித்தே நரம்புத் தளர்ச்சியாக வெளிப்படும். அப்போது முழுமையாக மீட்பது அரிது.

சில தேக்கங்களுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். தைராய்டு குறைவு, சில மனநோய் மருந்துகள், இன்சுலின், ஸ்டீராய்டு ஆகியவை எடையைப் பிடித்து வைக்கக்கூடும். இவற்றை மருத்துவரே கண்டறிய இயலும். எடை தேங்குவதோடு நில்லாமல் திங்கள்தோறும் ஏறிக்கொண்டே இருந்தால் அறுவை அமைப்பை ஆராய்ந்து பார்ப்பர்; இன்று செமாக்லூடைடு போன்ற ஊசிமருந்துகளையும் தக்கவர்க்குத் தருகின்றனர். இவை தாமே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளத்தக்கன அல்ல. அன்றியும், எந்நிலையிலும் ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, பார்வைத் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினால் எடைக்கருவியை மறந்து அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வாந்தி நீடித்தால் தையமின் என்னும் வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்து, மூளையைத் தாக்கும்.