எண்ணெய்க் கப்பலின் நங்கூரத்தில் சிக்கிய பாய்

2011 ஆகஸ்ட் 6. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய சோலன்ட் நீரிணையில் ‘கௌஸ் வீக்’ படகுப் போட்டி களைகட்டியிருந்தது. 1826-ல் தொடங்கிய திருவிழா அது. நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் ஒரே நேரத்தில் கடலில் இறங்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது, 260 மீட்டருக்கும் மேல் நீளமான ‘ஹன்னே நட்சன்’ என்ற எண்ணெய்க் கப்பல். ‘அட்டலாண்டா ஆஃப் செஸ்டர்’ என்ற சுமார் 10 மீட்டர் படகு அதன் முன்னால் குறுக்கே போனது. படகின் வண்ணப் பாய் கப்பலின் நங்கூரத்தில் மாட்டிக்கொண்டது, பாய்மரம் முறிந்தது. படகில் இருந்த ஒருவர் தண்ணீரில் குதித்துத் தப்பினார். உயிரிழப்பு இல்லை.

இந்த மோதல் பற்றிய வழக்கு 2013-ல் முடிந்தது. படகை ஓட்டியவருக்கு அபராதம் 3,000 பவுண்டு. அது பரவாயில்லை, வழக்குச் செலவுக்காக மேலும் 1,00,000 பவுண்டு கட்டச் சொன்னது நீதிமன்றம்.

இயந்திரக் கப்பல்தான் பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது கடலோடிகள் பலரும் முதலில் படிக்கிற பாடம். திறந்த கடலில் அது சரிதான். ஆனால் 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 9-வது விதி, குறுகலான கால்வாய்க்குள் நிலைமையை மாற்றிவிடுகிறது. ஆழமான அந்தப் பாதையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைவான எந்தப் படகும், எந்தப் பாய்மரக் கலமும் இடையூறு செய்யக் கூடாது. சவுத்தாம்ப்டனில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். எச்சரிக்கைப் பகுதி என்று வரையறுத்த இடத்தில் 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல் நகரும்போது, அதற்கு முன்னால் 1,000 மீட்டரும் இரு பக்கமும் 100 மீட்டரும் தடைசெய்யப்பட்ட வட்டாரம். கப்பல் நகர நகர அந்த வட்டாரமும் கூடவே நகரும். 20 மீட்டருக்குக் குறைவான படகுகள் அதற்குள் நுழையக் கூடாது.

ஆயிரம் மீட்டர் என்றால் ஏதோ பெரிய தூரம் போலத் தெரியும். 12 நாட் வேகத்தில் வரும் கப்பல் நிமிடத்துக்கு 370 மீட்டர் கடக்கும். அப்படியானால் கையில் இருப்பது மூன்று நிமிடம்கூட இல்லை. காற்று விழுந்தாலோ இயந்திரம் நின்றாலோ அந்த மூன்று நிமிடத்தில் என்ன செய்துவிட முடியும்? கப்பல் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் கண் எட்டாத இடம் உண்டு. அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, முன்னால் 500 மீட்டர் வரை, அல்லது கப்பல் நீளத்தின் இரு மடங்கு வரை, இரண்டில் எது குறைவோ அதுவரை, கடல்பரப்பு மறைந்திருப்பதைச் சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. அவ்வளவு நெருங்கிவிட்ட படகை மாலுமி பார்க்காமலே போகலாம்.

சோலன்டில் சிக்கலைக் கூட்டுவது ‘பிராம்பிள்’ என்ற மணல்திட்டு. கடல் நன்றாக வற்றும் நாளில் அது வெளியே தலைகாட்டும். அன்று இரண்டு படகுக் கழகத்தார் அதன் மேல் கிரிக்கெட்கூட ஆடுவார்கள்! அந்தத் திட்டைச் சுற்றித்தான் பெரிய கப்பல்கள் போக வேண்டும். கிழக்கிலிருந்து வருகிற கப்பல் நேரே மேற்கு நோக்கிப் போவதுபோலத் தெரியும். திடீரென்று வலப்பக்கம் வளைந்து தார்ன் கால்வாய்க்குள் நுழையும். சிறிது நேரத்தில் கால்ஷாட் முனையருகே இடப்பக்கம் திரும்பும். ‘நம்மைத் தாண்டிப் போய்விடும்’ என்று நம்பி நிற்கிற படகின் மேல் கப்பலின் அணியம் திரும்புவது இங்கேதான். 2008 நவம்பரில் ‘க்யூஇ2’ சொகுசுக் கப்பலே தன் கடைசி வருகையில் இந்தத் திட்டருகே தரைதட்டியது. 2015 ஜனவரி 3-ல் ‘ஹோக் ஒசாகா’ என்ற கார் ஏற்றிய கப்பல், இந்தத் திருப்பத்தில் வளையும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து, அதே திட்டில் போய் நின்றது.

சின்னப் படகுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அதன் அடிப்பகுதிக்கு இரண்டு மீட்டர் ஆழம் போதும். அதனால் கால்வாயைக் குறிக்கும் மிதவைகளுக்கு வெளியே, தண்ணீர் போதிய அளவு இருக்கிற பக்கத்தில், நிம்மதியாகப் போகலாம். உள்ளே வரும்போது சிவப்பு மிதவைகள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். இந்தியாவிலும் இதே முறைதான், அமெரிக்காவில் தலைகீழ். கால்வாயைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் நேர்க்குறுக்காக, கப்பல் போன பிறகு, அதன் பின்புறமாகக் கடப்பதே நல்லது. பாய்மரப் படகுக்காரர் அதற்கு முன்பே இயந்திரத்தை ஓடவிட்டு வைத்திருப்பது இன்னும் நல்லது. பெரிய கப்பல் பக்கத்தில் வரும்போது அது காற்றை மறைத்துவிட, பாய் தொங்கிப் போகும்.

மோதல் வருமா வராதா என்று கண்டுபிடிக்க ஒரு கைத்திசைகாட்டி போதும். கப்பலைக் குறிவைத்துக் கோணத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கோணம் மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் நிச்சயம். ஆனால் திருப்பங்கள் உள்ள இடத்தில் இந்தக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. காதும் வேலை செய்ய வேண்டும். ஒரு குறுகிய ஊதல் என்றால் கப்பல் வலப்பக்கம் திரும்புகிறது. இரண்டு என்றால் இடப்பக்கம். மூன்று என்றால் பின்னோக்கி இயந்திரத்தை இயக்குகிறது. ஐந்து ஊதினால், உங்கள் நோக்கம் எங்களுக்குப் புரியவில்லை என்று பொருள். ஐந்தாவது ஊதல் கேட்கும்வரை காத்திருக்காமல் விலகிவிடுவதுதான் புத்தி.

வானொலியை விஎச்எஃப் 12-வது அலைவரிசையில் திறந்து வைத்தால் சவுத்தாம்ப்டன் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் எந்தக் கப்பல் எங்கே வருகிறது என்று பேசுவது கேட்கும். பேச வேண்டியதில்லை; கேட்டாலே பாதி ஆபத்து குறையும். பெரிய கப்பலுக்கு முன்னால் துறைமுக ரோந்துப் படகு ஒன்று வந்து பாதையை ஒழுங்குபடுத்தும். அதில் இருப்பவர் கையசைத்து விலகச் சொன்னால் விலகிவிட வேண்டும்.

படகு ஓட்டத் தெரியாதவர்களும் இதையெல்லாம் நேரில் பார்க்கலாம். சவுத்தாம்ப்டனிலிருந்து கிழக்கு கௌஸுக்குப் போகும் கார் ஏற்றும் ஃபெரி சுமார் ஒரு மணி நேரத்தில் இதே வழியாகத்தான் போகிறது. மேல்தளத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்; கால்ஷாட் முனை வந்ததும் சரக்குக் கப்பல் ஏதாவது திரும்புகிறதா என்று பாருங்கள்.