தொகுப்பில் அடங்காத குரல்

சிரம்பான், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பி. சுசீலாவின் குரலை அறியாதவர் அரிது. அவருடைய ‘சிறந்த பாடல்கள்’ என விற்கப்படும் தொகுப்பைப் பற்றி இன்று பார்ப்போம்.

பழைய 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒரு பாடல்தான் பதியும். பின்னர் வந்த நெடுநேர இசைத்தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம்; இரு பக்கமும் சேர்த்து ஒரு டஜன் பாடல்கள். 60 நிமிட ஒலிநாடாவில் இன்னும் சில கூடும். சுசீலா பாடியவையோ, 2016-இல் கின்னஸ் சாதனையில் ஏறிய கணக்குப்படி, பல மொழிகளிலுமாக 17,695. ஆகவே தொகுப்பு என்பது களஞ்சியத்திலிருந்து விற்பவர் அள்ளிய ஒரு கைப்பிடி நெல். விடுபட்டவை தாழ்ந்தவை அல்ல.

அந்தக் கைப்பிடியிலும் நமக்குப் பயன் உண்டு. 1935-இல் ஆந்திர நாட்டு விஜயநகரத்தில் பிறந்த சுசீலாவின் தாய்மொழி தெலுங்கு. ஆயினும் ல, ள, ழ மூன்றும் அவர் குரலில் தெளிவாகப் பிரிந்து ஒலிக்கும். சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதையும், ‘உயர்ந்த மனிதன்’ (1968) படத்தில் பாடிய தமிழ்ப் பாடலுக்கே பெற்றார். நம் பிள்ளைகளோ ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்கிறார்கள்.

பெற்றோர்களே! ஒரு பாடலை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். தொகுப்பில் இல்லாத பாடல்களைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். கடையில் கிடைக்காத தொகுப்பு அது.