வடசேரி: சந்தையும் தறியும் பட்டறையும்

நாகர்கோவில் மாநகரின் வடசேரியை வெளியூரார் பெரும்பாலும் பேருந்து நிலையமாகவே அறிவர். ஆயினும் உழவர், நெசவாளர், பொற்கொல்லர் ஆகிய மூவரின் உழைப்பும் ஒருங்கே கூடும் பேட்டை அது.

அங்குள்ள கனகமூலம் சந்தைக்கு நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்களிலிருந்து காய்கறிகளும் வாழைக்குலைகளும் வருகின்றன. கைத்தறி நெசவு அப்பகுதியின் பரம்பரைத் தொழில். பட்டறைகளிலோ, வெள்ளியில் உரு அமைத்து, பொன்தகடு போர்த்தி, செந்நிறக் கற்கள் பதித்துக் கோயில் நகைகள் செய்யப்பெறுகின்றன. தெய்வத் திருமேனிகளுக்கென ஏற்பட்ட இவ்வணிகளை இன்று பரதநாட்டியக் கலைஞர்களும் விரும்பி அணிகின்றனர்.

இந்நகை, நாகர்கோவிலின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. 2023-ஆம் ஆண்டில் நம் மாவட்டத்து மட்டி வாழைக்கும் அச்சிறப்புக் கிட்டியது. இதற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குறியீடு கோரித் தனியொருவர் விண்ணப்பிக்க இயலாது. உற்பத்தியாளர் சங்கமோ, சட்டப்படி அமைந்த நிறுவனமோதான் விண்ணப்பிக்கலாம். குறியீடு கிட்டிய பின்னரும் வேலை முடிவதில்லை. தொழில் செய்வோர் ஒவ்வொருவரும் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்தல் அவசியம்.

பதிவு செய்யாத கைவினைஞருக்கு ஊர்ப்பெயரால் புகழ் உண்டு. சட்டத்தின் காவல் இல்லை. படிவம் நிரப்பவும் கட்டணம் செலுத்தவும் தனித்தொழிலாளிக்கு நேரமும் பொருளும் அரிது. அங்குதான் சங்கம் துணைநிற்க வேண்டும். வடசேரியின் பெயர் விற்கும் விலையில் உரிய பங்கு, அதைச் செய்த கைக்கே வந்து சேரட்டும்.