தண்ணீர் ஏறும் நாட்களில் தியானம்

காவிரியில் தண்ணீர் கூடினால் ஒகேனக்கல்லில் முதலில் நிற்பது பரிசல். கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிற கன அடிக் கணக்குதான் ஊருக்கு அன்றைய பிழைப்பைத் தீர்மானிக்கிறது. அளவு ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை போட்டுவிடும். 2024 ஜூலைக் கடைசியில் நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாட்களில் பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும், மூங்கில் பின்னலின் மேல் பூசிய தார் வெயிலில் மினுங்கும். பரிசல்காரருக்கும் எண்ணெய் தேய்த்துவிடுபவருக்கும் மீன் வறுத்து விற்கிற பெண்களுக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றுபோகும். தடை எப்போது நீங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேறு ஊர்க்காரர்களுக்கு இதே நிலை வேறு பெயரில் வரும்: வேலை போவது, வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பது, கடன் தவணை. தினமும் தியானத்தில் உட்கார்ந்தவர்கள்கூட அதைக் கைவிடுவது இப்படிப்பட்ட நாட்களில்தான். தூக்கம் கெடுகிறது, காலை நேரம் குலைகிறது, கண் விழித்ததும் கை போனுக்குப் போகிறது. நாலு நாள் விட்டுப்போனதும் குற்ற உணர்வு வேறு சேர்ந்துகொள்ளும்.

திரும்பிவர நினைப்பவர் செய்கிற தவறு, விட்ட இடத்திலிருந்தே தொடங்கப் பார்ப்பதுதான். கோயங்கா வழி விபாசனாவில் பத்து நாள் முகாம் முடித்தவர்களிடம் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் உட்காரச் சொல்வார்கள். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை கற்றவர்களுக்கும் அவரவர் பழக்கம் உண்டு. மன உளைச்சலின் நடுவே அந்தப் பழைய அளவு மலையாகத் தெரியும். பத்து நிமிடம் போதும். முடியாவிட்டால் ஐந்து. விட்ட நாட்களுக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

செய்முறை எளிது. போனைத் தொடும் முன்பே உட்காருங்கள். நாற்காலியானாலும் திண்ணையானாலும் சரி, சம்மணம் கட்டாயமில்லை. நாலு எண்ணும்வரை மூக்கு வழியாக மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும், வெளியே விடும்போது தணியும். தணிக்கிற வேலையைச் செய்வது மூளையிலிருந்து நெஞ்சு, வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பு. வெளிமூச்சை நீட்டும்போது அந்த நரம்புக்கு வேலை கூடுதலாகக் கிடைக்கிறது. மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

இரண்டு மூன்று நிமிடம் கழிந்ததும் எண்ணுவதை விட்டு இயல்பான மூச்சைக் கவனியுங்கள். மனம் ஓடும். தவணை எவ்வளவு, நாளைக்கு யாரிடம் கேட்பது என்று போய்விடும். போனது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் நாற்பது முறை போய்த் திரும்பினாலும் தியானம் கெட்டுவிடவில்லை. அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே. எண்ணமே வரக்கூடாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, பலரைத் தியானத்தை விட்டு ஓடவைத்தது அந்தப் பேச்சுதான்.

மூச்சு பிடிபடாதவர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். ஹார்வர்டில் இதய மருத்துவராக இருந்த ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத்தான் சொன்னார்: ஏதாவது ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்வது, குறுக்கே வரும் எண்ணத்தோடு சண்டை போடாமல் விடுவது. 'முருகா' என்று சொல்லிக்கொண்டே தறி நெய்தவர்களும் களை பறித்தவர்களும் நம் ஊரில் உண்டு என்பதால், நமக்கு இது புதுச் சரக்கில்லை.

அமைதியான இடம் கிடைக்கவில்லை என்ற சாக்கும் வேண்டாம். ஒகேனக்கல்லில் அமைதிக்கு எங்கே போவது? வெள்ள நாளில் அருவிச் சத்தம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொள்ளலாம். அடியில் ஓடும் கனத்த முழக்கத்தையும் அதன் மேல் சிதறுகிற தண்ணீரின் ஓசையையும் நல்லது கெட்டது பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் தியானம்தான். நகரத்தில் இருப்பவருக்கு மின்விசிறிச் சத்தம் போதும்.

தியானத்தால் பரிசல் ஓடிவிடாது, கடனும் அடையாது. யாரிடம் பேசுவது, எதை முதலில் கவனிப்பது என்று யோசிக்கிற நிதானம் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். சிலருக்குக் கண்ணை மூடினால் பதற்றம் கூடும், பழைய பயங்கள் மேலெழும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனித்து உட்காரலாம்; அதுவும் ஒத்துவராவிட்டால் எழுந்து நடப்பதே மேல். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் தியானத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநலச் சேவை அது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.