தொகுதியும் ஒரு வாக்கும்

"நான் ஒருவன் வாக்களிக்காமற்போனால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். அவர் குதர்க்கம் பேசுபவர் அல்லர். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கேட்டார். பல இலட்சம் பேர் வாக்களிக்கின்ற மாநிலத்தில் ஒருவருடைய வாக்கு, கடலில் கரைத்த பெருங்காயந்தானே என்பது அவருடைய வாதம். அவருக்கு நான் தருக்கம் பேசி விடை கூறவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த விர்ஜீனியா மாநிலத்தில் 2017ஆம் ஆண்டு நடைபெற்ற சட்டசபைத் தேர்தலின் வரலாற்றைக் கூறினேன். அதையே இன்று உங்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

விர்ஜீனியாவின் சட்டமன்ற மரபு மிகப் பழமையானது. ஆங்கிலேயர் அமெரிக்காவில் குடியேறிய தொடக்க காலத்தில், 1619ஆம் ஆண்டிலேயே, ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில் மக்கள் பிரதிநிதிகளின் சபை ஒன்று கூடிற்று. அந்த மரபில் வந்த இன்றைய சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள் உண்டு. மேலவையில் 40 உறுப்பினர். பிரதிநிதிகள் சபை எனப்படும் கீழவையில் 100 உறுப்பினர். மாநிலம் 100 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். எவர் மிகுதியான வாக்குகளைப் பெறுகிறாரோ அவரே வெற்றி பெற்றவர். நம் நாட்டுச் சட்டசபைத் தேர்தலின் முறையும் இதுவே ஆகையால், உங்களுக்கு இதனை விளங்கிக்கொள்வதில் இடர்ப்பாடு இராது. கீழவையின் ஆயுட்காலம் மட்டும் அங்கே இரண்டே ஆண்டுகள்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். சட்டசபைத் தேர்தல் என்று நாம் ஒருமையில் பேசுகிறோம். உண்மையில் அன்று நடைபெறுபவை 100 தனித்தனித் தேர்தல்கள். அதே நாளில் விர்ஜீனியாவில் ஆளுநர் தேர்தலும் நடந்தது. ஆளுநரை மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. எந்த மூலையில் விழுந்த வாக்கும் ஒரே குவியலில் சேர்கிறது. சட்டசபைத் தேர்தலிலோ ஒரு தொகுதியின் வாக்கு அத்தொகுதியின் எல்லையோடு நின்றுவிடும். ஒரு வயலில் மிகுதியாக விளைந்த நெல், அடுத்த வயலின் குறையை நிரப்புவதில்லை அல்லவா? அதுபோல, ஒரு கட்சி சில தொகுதிகளில் மலைபோல் வாக்குகளைக் குவித்தாலும், பக்கத்துத் தொகுதியில் பத்து வாக்குக் குறைந்தால் அந்த இடம் போனது போனதுதான்.

2017 நவம்பர் 7ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன் கீழவையில் குடியரசுக் கட்சிக்கு 66 இடங்களும் ஜனநாயகக் கட்சிக்கு 34 இடங்களும் இருந்தன. இந்தத் தேர்தலில் காற்று மாறி வீசிற்று. மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் ஜனநாயகக் கட்சியினருக்கே கிடைத்திருந்தன. ஆயினும் தொகுதி தொகுதியாக எண்ணி முடித்தபோது, குடியரசுக் கட்சிக்கு 50 இடங்கள், ஜனநாயகக் கட்சிக்கு 49 இடங்கள் என்று நின்றது. எஞ்சியிருந்தது ஒரே தொகுதி. அதுதான் நியூபோர்ட் நியூஸ் என்னும் துறைமுக நகரில் அமைந்த 94ஆம் தொகுதி.

அங்கே குடியரசுக் கட்சியின் சார்பில் நின்றவர், பதவியிலிருந்த உறுப்பினரான டேவிட் யான்ஸி. ஜனநாயகக் கட்சியின் சார்பில் அவரை எதிர்த்தவர் ஷெல்லி சைமண்ட்ஸ் என்னும் பெண்மணி. உள்ளூர்ப் பள்ளிக் குழுவின் உறுப்பினர். முதல் எண்ணிக்கையில் யான்ஸி 10 வாக்குகள் முன்னே நின்றார். மறு எண்ணிக்கை கோரப்பட்டது. டிசம்பர் 19ஆம் நாள் மீண்டும் எண்ணியபோது, சைமண்ட்ஸ் 11,608, யான்ஸி 11,607 என்று வந்தது. ஒரே வாக்கில் வெற்றி மாறிற்று!

கதை அத்துடன் முடியவில்லை. மறுநாள் ஒரு வாக்குச் சீட்டைப் பற்றிய கேள்வி மூன்று நீதிபதிகளின் முன் வந்தது. அங்கே வாக்காளர், தாம் விரும்பும் பெயருக்கு அருகிலுள்ள சிறு முட்டை வடிவத்தை மையினால் நிரப்ப வேண்டும். இந்த வாக்காளரோ இருவருடைய பெயருக்கு எதிரேயும் நிரப்பிவிட்டு, சைமண்ட்ஸ் பெயருக்கு எதிரே இருந்த அடையாளத்தின் மேல் ஒரு கோடும் கிழித்திருந்தார். முதல் நாள் எண்ணியவர்கள் இதனைச் செல்லாத சீட்டு என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். நீதிபதிகள் சீட்டு முழுவதையும் ஆராய்ந்தார்கள். மற்றப் பதவிகளுக்கும் அவர் குடியரசுக் கட்சியினரையே குறித்திருக்கக் கண்டு, இவருடைய கருத்து யான்ஸிக்கு வாக்களிப்பதே என்று தீர்மானித்தார்கள். இப்போது இருவருக்கும் 11,608 வாக்குகள். இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தும் முடிவு பிறக்கவில்லை.

இத்தகைய நிலையில் திருவுளச்சீட்டுப் போடுக என்பது அம்மாநிலச் சட்டம். 2018 ஜனவரி 4ஆம் நாள், தலைநகரமான ரிச்மண்டில், இரண்டு பெயர்களையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, புகைப்படச் சுருள் வைக்கும் சிறு குப்பிகள் இரண்டில் இட்டு, ஒரு மட்பாண்டக் கிண்ணத்தில் போட்டார்கள். தேர்தல் வாரியத் தலைவர் ஒன்றை எடுத்தார். அதில் யான்ஸியின் பெயர் இருந்தது. சபை 51க்கு 49 என்று குடியரசுக் கட்சியின் கைக்குப் போயிற்று. மற்றக் குப்பி வந்திருந்தால், இரு கட்சிக்கும் 50 இடங்கள். எந்தக் கட்சியும் தனித்துச் சபாநாயகரைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இதைக் கேட்டதும் உத்தரமேரூர்க் கல்வெட்டு உங்கள் நினைவுக்கு வரலாம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை அது கூறுகிறது. நம் முன்னோர்க்கு அதுவே தேர்ந்தெடுக்கும் வழி. விர்ஜீனியாவிலோ, மக்கள் வாக்கு விடை தராதபோது மட்டும் நாடும் கடைசி வழி. நம் நாட்டின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும், வாக்குகள் சமமானால் சீட்டுக் குலுக்கி, வென்றவருக்கு ஒரு வாக்குக் கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ளச் சொல்கிறது. ஒரே வாக்கில் வெற்றி தோல்வி அமைவதும் நமக்குப் புதிதன்று. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியிலும், 2008இல் இராஜஸ்தானத்தின் நாத்துவாராத் தொகுதியிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

ஒரு வாக்கு இத்துணைப் பெரிதானால், அதனைக் காக்கும் பொறுப்பும் பெரிது. அதே 2017ஆம் ஆண்டுத் தேர்தலில், விர்ஜீனியாவின் 28ஆம் தொகுதியில் வெற்றி தோல்விக்கு இடைப்பட்ட வாக்குகள் 73. அங்கே 147 வாக்காளர்களுக்குத் தவறான தொகுதியின் வாக்குச் சீட்டு வழங்கப்பட்டிருந்தது பின்னர்த் தெரியவந்தது. தெருவை எந்தத் தொகுதியில் பதிவு செய்வது என்ற எழுத்தர் வேலையிலும் ஆட்சியின் விதி அடங்கியிருக்கிறது. தொகுதியின் எல்லைக் கோடும் அப்படியே. அந்த மாநிலத்தில் 11 தொகுதிகளின் எல்லைகள் இன அடிப்படையில் முறைகேடாக வகுக்கப்பட்டவை என்று 2018இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுத் தேர்தல் புதிய எல்லைகளின்படி நடந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏறத்தாழ நான்கு இலட்சம் ஏழை மக்களுக்கு அரசின் மருத்துவ உதவியை விரிவாக்கும் திட்டத்துக்கு, அதனைப் பல ஆண்டுகள் தடுத்து வந்த விர்ஜீனியாச் சட்டமன்றம் 2018இல் இசைவு தந்தது. ஆதரித்து வாக்களித்த குடியரசுக் கட்சியினருள் யான்ஸியும் ஒருவர். மயிரிழையில் வந்த வெற்றியும் நூலிழையில் நின்ற பெரும்பான்மையும் மக்கள் மனத்தைச் செவிமடுக்கச் செய்யும் ஆற்றல் உடையவை என்று நான் கருதுகிறேன். 2019 நவம்பரில் அதே இருவரும் மீண்டும் போட்டியிட்டனர். இம்முறை குப்பியும் கிண்ணமும் தேவைப்படவில்லை. சைமண்ட்ஸ் தெளிவாக வென்றார். அவருடைய கட்சி 55 இடங்களைப் பெற்றுச் சபையையும் கைக்கொண்டது.

என் மாணவ நண்பர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். "அந்தத் தொகுதியில் அன்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!" என்றார். அவர்களுள் யாரேனும் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாக்குச் சாவடிக்கு நடந்திருந்தால் கிண்ணத்துக்கே வேலை இருந்திராது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சற்று நேரம் கழித்து, வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தார். சொன்னேன்.