பாத் நகரத்து வெந்நீரூற்று

நோய் தீர்க்கும் நீர்நிலைகள் எல்லா நாட்டிலும் உள்ளன. அவற்றைச் சூழ்ந்து எழுந்த கதைகளும் பெரும்பாலும் ஒரு சாயலன. நம் நாட்டுக் கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடிக் குதிரை முகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் வரலாற்றை அறியாதார் இலர். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ஏவன் ஆற்றங்கரையிலுள்ள பாத் நகரத்தாரும் இத்தகைய ஒரு கதையையே தம் நகரின் தோற்றமாகக் கூறுவர். பிளடட் என்னும் அரசிளங்குமரன் குட்டநோயுற்று அரண்மனையினின்று நீக்கப்பட்டான். பன்றி மேய்த்துத் திரிந்தான். பன்றிகள் வெந்நீர்ச் சேற்றிற் புரண்டு தோல்நோய் நீங்கினமை கண்டு தானும் அதிற் புரண்டு நலம் பெற்றான். அரசனாகிய பின்னர் அவ்விடத்தே நகரொன்று கண்டான் என்பது அக்கதை. 12ஆம் நூற்றாண்டில் மொன்மத் ஊரினரான ஜெப்ரி எழுதிய பிரித்தானிய அரசர் வரலாற்றிற் பிளடட் வருகின்றான்; ஆனால் பன்றிகள் வரவில்லை. அவை பிற்காலத்தார் சேர்த்தவை. சேர்த்தவர் யாவராயினும் மனித இயல்பை நன்கறிந்தவர் என்றே சொல்லவேண்டும். மந்திரத்தால் நீரைச் சூடாக்கிய மன்னனைக் காட்டிலும், நோயுற்று ஒதுக்கப்பட்டுத் தற்செயலாக மருந்தைக் கண்டவனையே நோயாளர் நம்புவர்.

கதை நிற்க, நீரின் வரலாற்றைக் காண்போம். இவ்வூரில் மூன்று வெந்நீரூற்றுக்கள் உள. அவற்றுட் பெரியதாகிய அரசனூற்றில் நாடொறும் ஏறத்தாழ 11,70,000 லீற்றர் நீர் 46 பாகை செல்சியசு வெப்பத்துடன் பொங்கி வருகின்றது. இந்நீர் எரிமலையொன்றினால் வெம்மையுற்றதன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தெற்கேயுள்ள மென்டிப் குன்றுகளிற் பெய்த மழை, சுண்ணாம்புக்கற் பாறைகளினூடாக 2,700 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கி, ஆங்குள்ள நிலவெப்பத்தாற் சூடேறி, பாறைப் பிளவு வழியாக அழுத்தத்தால் மேலெழுகின்றது. வரும் வழியிற் கல்சியம், சல்பேற்று முதலிய உப்புக்களைக் கரைத்துக்கொள்கின்றது. இன்று அதிற் குளிப்பவன் எகிப்தியர் கூர்ங்கோபுரம் எழுப்பிய காலத்து மழையிற் குளிப்பவனாதலும் கூடும்.

உரோமர் வருமுன் ஆங்கு வாழ்ந்த கெல்திய மக்கள் சுலிஸ் என்னும் பெண் தெய்வத்தின் இருப்பிடமாக இவ்வூற்றைப் போற்றினர். கி. பி. முதலாம் நூற்றாண்டிற் பிரித்தானியாவைக் கைப்பற்றிய உரோமர் அத்தெய்வத்தை விலக்கினாரல்லர். தம் மினெர்வாவோடு இணைத்துச் சுலிஸ் மினெர்வா எனப் பெயரிட்டுக் கோயில் எடுத்தனர். ஊருக்கு 'அக்குவே சுலிஸ்', சுலிஸின் நீர், என்பது பெயராயிற்று. பெருங்குளத்தின் அடித்தளத்துக்கு அவர்கள் பாவிய ஈயத் தகடுகள் இன்றும் நீரைக் காக்கின்றன. அவர்கள் அமைத்த வாய்க்கால் இன்றும் எஞ்சிய நீரை ஆற்றிற் சேர்க்கின்றது.

அக்காலத்து அடியார் தேவியிடம் வேண்டியது உடல்நலம் மட்டுமன்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த சிறு தகடுகளில் எழுதிச் சுருட்டி ஊற்றில் இட்ட சாபங்கள் ஏறத்தாழ 130 கிடைத்துள்ளன. அவற்றுட் பல களவு பற்றியவை. ஒருவன் இரண்டு கையுறைகளை இழந்திருக்கின்றான். எடுத்தவன் அறிவும் கண்ணும் இழக்கவேண்டும் என்பது அவன் விண்ணப்பம். நீராடச் சென்றோரின் உடைமைகளைக் கவர்ந்தவர் அன்றும் இருந்தனர் போலும்!

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமர் ஆட்சி நீங்கியது. வடிகால்களைத் துப்புரவு செய்வாரின்றிச் சேறு படிந்தது, கூரை வீழ்ந்தது, கோயிலும் மண்ணுள் மறைந்தது. ஆயினும் ஊற்று நிற்கவில்லை. 973இல் எட்கார் மன்னன் இவ்வூர்த் துறவிமடத்து ஆலயத்தில் முடிசூடினான். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், மருத்துவம் அறிந்தவரான தூர்ஸ் நகர யோன் என்னும் மேற்றிராணியார் தம் பீடத்தையே இங்கு மாற்றிக்கொண்டார். உரோமர் நீர்த்தேக்கத்தின் மீதே பின்னர் அரசன் குளம் எழுந்தது. இடைக்காலம் முழுவதும் குளங்கள் துறவியர் ஆட்சியில் இருந்தன. 1539இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தபோது அப்பாதுகாப்பும் போயிற்று.

அதன்பின் எழுந்த வினா, எம் கருத்தில், இவ்வூர் வரலாறு முழுவதற்கும் உயிர்நிலையானது: இந்நீர் யாருக்கு உரியது? நோயுற்ற ஏழைகள் நாட்டின் நாற்புறத்திலுமிருந்து பாத் நகரை நாடினர். நகரத்தார் அஞ்சினர். 1572ஆம் ஆண்டு இரவலர் சட்டத்தில் பாத், பக்ஸ்டன் ஆகிய ஈரூர்களையும் பெயர் சுட்டி ஒரு விதி சேர்க்கப்பட்டது. சமாதான நீதவான் இருவரின் அனுமதி பெறாத ஏழை நோயாளன் அங்குச் செல்லலாகாது என்பது அது. குளிக்க விரும்பிய செல்வர்க்கு அத்தகைய தடை யாதுமில்லை.

செல்வரோ பெருகினர். 1687இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனின் தேவி மோடெனா மேரி, மகப்பேறு வேண்டிச் சிலுவைக் குளத்தில் நீராடினாள். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் ஆண்மகவு பிறந்தது. கத்தோலிக்க வாரிசு ஒருவன் தோன்றியமை கண்டு அஞ்சிய பிரபுக்கள் ஒரேஞ்சு வில்லியத்தை அழைத்தனர். மன்னன் நாடிழந்து ஓடினான். குளத்து நீரே புரட்சியை விளைத்தது என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் அவ்வாறு கூறி மகிழ்ந்தாரும் அக்காலத்து இருந்திருப்பர்.

குளங்களின் தூய்மையோ ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1668இல் அங்குச் சென்ற நாட்குறிப்பாசிரியர் சாமுவேல் பீப்ஸ், இத்துணை உடல்கள் ஒரே நீரிற் கிடப்பது தூயதாகுமோ என்று ஐயுற்றும் தாமும் இறங்கிக் குளித்தார். பின்வந்த மருத்துவரும் நாவலாசிரியருமாகிய தொபையஸ் ஸ்மொலெற் இவ்வளவு பொறுமை காட்டவில்லை. 1752இல் வெளியிட்ட நூலிற் குளங்களின் அழுக்கைக் கடிந்ததோடு, 1771இல் வெளிவந்த நாவலொன்றிலும் அதனை எள்ளி நகையாடினார்.

18ஆம் நூற்றாண்டே பாத் நகரின் பொற்காலம் எனப்படும். அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மூவாயிரம் பேரளவில் வாழ்ந்த சிற்றூர், 1801ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தது. ரிச்சர்ட் நாஷ் என்பவர் விழாத் தலைவராயிருந்து வாள் தரித்து வருதலைத் தடுத்தும், ஆடலுக்கும் அளவளாவலுக்கும் நேரம் வகுத்தும் ஊரை ஆண்டார். அவர் வருவாய் சூதாட்டத்தினின்று வந்தது; சூதாட்டத் தடைச் சட்டங்கள் வந்தபின் வறியராகி 1761இல் இறந்தார். தந்தையும் மகனுமாகிய இரு ஜோன் வூட்டுகள் அமைத்த வட்ட மனைகளும் பிறை மனைகளும், ரல்ஃப் அலனின் சுரங்கத்திலிருந்து வந்த பொன்னிறக் கல்லும் ஊருக்கு இன்றுள்ள தோற்றத்தை அளித்தன. நோய் தீர்க்க வந்தோரினும் மணமகன் தேடி வந்தோரே மிக்கனர் என்பதை ஜேன் ஒஸ்டின் நாவல்கள் படித்தார் அறிவர்.

இவ்வாரவாரத்துக்கு நடுவே 1742இல் திறக்கப்பட்ட ஊற்றுநீர் மருத்துவமனையே நம் கருத்தைக் கவர்வது. மேற்கூறிய நாஷ், அலன், மூத்த வூட் ஆகியோரும், இன்றும் தம் பெயராலொரு பிஸ்கற் வழங்கப்பெறும் வைத்தியர் வில்லியம் ஒலிவரும் அதன் ஆக்கத்துக்கு உழைத்தனர். பிறவூர் ஏழைகளுக்கென்றே அது ஏற்பட்டது. பாத் நகரத்தார் அதிற் சேர்க்கப்பட்டிலர். சேர்வோர் ஊர் திரும்புதற்கோ அடக்கம் செய்தற்கோ வேண்டிய பணத்தை முன்னரே ஈடாக வைத்தல் வேண்டும். நோயாளர் பித்தளை வில்லை அணிந்தனர். அவ்வில்லை கண்ட எக்குடிசாலையாரும் அவர்க்கு மது விற்றலாகாது.

ஆங்குப் பக்கவாதம் போலக் கைகால் சோர்ந்து வந்தோர் பலர் நடந்து திரும்பினர் என மருத்துவமனைப் பதிவேடுகள் கூறும். பிற்காலத்து அறிஞர் இதனை நம்பவில்லை. வெறும் நீர் அவ்வாறு செய்யுமோ என்றனர். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒட்றி ஹெய்வுட் முதலியோர் அப்பதிவேடுகளை மீளவும் நுணுகி ஆராய்ந்தனர். சோர்வுற்றோருட் பலர் ஈய நஞ்சினால் வருந்தியவர். குழாய் வேலைசெய்வோரும் வண்ணம் பூசுவோரும் தொழிலால் ஈயம் உட்கொண்டனர். மேற்குப் பகுதியார் ஈயம் தோய்ந்த கருவிகளிற் பிழிந்த ஆப்பிள் மதுவால் உட்கொண்டனர். மருத்துவமனையில் தொழிலும் இல்லை, மதுவும் இல்லை. ஆகவே நஞ்சு புகும் வாயில் அடைபட்டது. அதுமட்டுமன்று. கழுத்தளவு நீரில் நெடுநேரம் அமர்ந்திருப்பவனது கைகால்களை நீர் அழுத்துதலால் இரத்தம் மார்பை நோக்கி மிகுதியாகச் செல்லும். உடலில் நீர் மிகுந்ததெனக் கொண்டு சிறுநீரகங்கள் நீரையும் உப்பையும் மிகுதியாக வெளியேற்றும். 1980களில் இயல்பான உடல்நலமுடையோரைப் பாத் நீரில் அமர்த்தி நடத்திய சோதனைகள் இதனைக் காட்டின. சிறுநீரோடு ஈயமும் மிகுந்து வெளியேறுதலும் கண்டறியப்பட்டது. ஆகவே ஏழைகள் குணமடைந்தது மெய்யே. ஆனால் காரணம் நீரிற் கரைந்த உப்பன்று, நீரின் ஆழமும் அமர்ந்த நேரமுமே. வீட்டுத் தொட்டியிற் கழுத்தளவு வெந்நீரில் அவ்வாறே அமர்ந்திருப்பினும் இவ்விளைவு பெறலாம். மண்டபத்தில் ஒரு கிண்ணம் நீர் பருகிவிட்டுச் சீட்டாடச் சென்ற செல்வர்க்கு அது வாய்த்திராது.

பதினெட்டாம் நூற்றாண்டு முடியுமுன்னரே உயர்குடியினர் கடல்நீராடலை விரும்பிப் பிரைற்றனுக்குச் சென்றனர். பாத் ஓய்வுபெற்றோர் உறையும் ஊராயிற்று. மண்ணுள் மறைந்த உரோமர் குளமே அதற்கு மீண்டும் கைகொடுத்தது. 1727இற் கழிவுநீர் வாய்க்கால் வெட்டியோர் பொன்முலாம் பூசிய மினெர்வா தலையைக் கண்டெடுத்திருந்தனர். 1880ஐ அடுத்து நகர நிலஅளவையாளர் சார்ல்ஸ் டேவிஸ் பெருங்குளத்தை அகழ்ந்து வெளிப்படுத்தினார். 1897இற் பொதுமக்கள் பார்வைக்கு அது திறக்கப்பட்டது. 1904இல் ஸ்ட்ரட் என்னும் பௌதிகவியலார் ஊற்றுப் படிவில் றேடியம் உண்டெனக் கண்டதும், அதுவே நோய் தீர்க்கும் இரகசியம் என விளம்பரம் செய்தனர். இன்று அச்சொல்லைக் கேட்பின் நீராடுவார் ஓடிவிடுவர்! காலந்தோறும் மாறியது நீரன்று, அதன் புகழுக்குக் கூறிய காரணமே.

1948இல் தேசிய சுகாதார சேவை ஏற்பட்டபோது வெந்நீர்ச் சிகிச்சையும் அதில் அடங்கியது. வாத நோயாளர் கட்டணமின்றி நீராடினர். நான்கு நூற்றாண்டு வழக்கிட்ட வினாவுக்கு அன்று ஒரு விடை கிடைத்தது எனலாம். ஆனால் 1976இல் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. ஈராண்டு கழித்து, 1978இல், நீச்சற் கழகமொன்றைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி உரோமர் குளத்தில் நீந்தியபின் மூளைக் காய்ச்சலால் இறந்தாள். வெந்நீரில் வாழும் நெக்லேரியா பௌலேரி என்னும் அமீபா மூக்கு வழியாக மூளையிற் புகுந்தமையே காரணம். குளங்கள் மூடப்பட்டன. மூடிய ஊற்றின் அடியை 1979இல் அகழ்ந்தபோதே மேற்கூறிய சாபத் தகடுகளிற் பெரும்பாலன கிடைத்தன. 1983இல் நிலத்தின் ஆழத்திலிருந்தே தூய நீரை எடுக்கத் துளைக்கிணறு அமைக்கப்பட்டது.

1987இல் நகரம் உலக மரபுரிமையிடமாக ஏற்கப்பட்டது. புதிய நீராடுமாளிகை 2003இல் இசைவிழாவோடு கொண்டாடப்பட்டும் மேற்பூச்சு உரிந்தமை முதலிய குறைகளால் 2006 ஓகஸ்டிலேயே திறக்கப்பட்டது. செலவு முதல் மதிப்பீட்டைப் பன்மடங்கு கடந்து ஏறத்தாழ 45 மில்லியன் பவுணாயிற்று. அங்கு வருவோர் கட்டணம் செலுத்தி இளைப்பாறிச் செல்வோர். ஏழைகளுக்கென எழுந்த மருத்துவமனை வாத நோய்க்குரிய தேசிய மருத்துவமனையாக வளர்ந்து, 2019இல் ஊற்றருகிலிருந்த தன் பழைய மனையை விட்டு நகரின் மேற்குப் புறத்துக்குச் சென்றது. உரோமர் பெருங்குளம் இன்றும் நிறைந்தே நிற்கின்றது. ஆங்கு நுழைவோர் நீரைத் தொடலாகாது என்னும் அறிவிப்பைக் காண்பர்.