மூன்று பட்டை போதும்

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: “பள்ளி விடுமுறையில் மகன் மரவில் செய்யக் கிளம்பியிருக்கிறான், ஐயா. ஒரு காணொலியில் ஏழு பட்டை ஒட்டச் சொல்கிறார்கள். இன்னொன்றில் கார்பன் இல்லாத வில் வில்லே இல்லை என்கிறார்கள். எத்தனை பட்டை ஒட்டினால் வில் வலுவாக இருக்கும்?”

மூன்று. ஆனால் கேள்வியில் உள்ள ‘வலு’ என்ற சொல்தான் வில்லங்கம். ஒரே கட்டையில் செதுக்கிய நல்ல வில்லும் வலுவானதுதான். மெல்லிய பட்டைகளை அச்சில் வளைத்து, கிளாம்ப்பால் இறுக்கி ஒட்டுவதன் அழகு வேறிடத்தில் இருக்கிறது: ஒரு வளைவை மரம் மறக்காமல் வைத்துக்கொள்ளும். அந்த வளைவு எதற்கு? நாண் கட்டாதபோதே எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும் வில், நாணேற்றியவுடனேயே விறைத்துக்கொள்ளும். ஒரே இழுப்புக்கு அதில் கூடுதல் ஆற்றல் சேரும்.

வரலாறு இல்லாவிட்டால் இதழாசிரியர் விடமாட்டார் என்பதால் ஒரு பத்தி. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டு சொல்கிறது. இயற்பியல் ஆசிரியர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாம். நம் தீபகற்பத்தின் பழங்குடிகளான செமாங் மக்கள் வில் வைத்திருந்ததை ஆய்வாளர்கள் ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கிறார்கள். ஜப்பானியரின் யூமி இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். மூங்கிலும் மரமும் ஒட்டியது. பசை காயுமுன் கயிற்றைச் சுற்றி, இடையிடையே ஆப்பு அறைந்து அதற்கு வளைவு கொடுப்பார்கள். அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் வில்லை அளந்து, கணக்கிட்டு, அதன் கைகள் உருண்டையாக இருப்பதைவிடத் தட்டையாக இருப்பதே மேல் என்று காட்டினார். வரலாறு போதும்.

ஒட்டிய மரம் வளைவை ஏன் மறப்பதில்லை என்று பார்க்க, இப்போது பலகாரத்துக்கு வருவோம். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் கூய் லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரம் ஒன்று வாங்குங்கள். துண்டை மெல்ல வளைத்தால் மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும், விட்டதும் பழையபடி நிமிர்ந்துவிடும். அடுத்து, பிள்ளைகள் தின்கிற மாதிரி அடுக்கு அடுக்காக உரித்து, மறுபடி அடுக்கி, அதே அளவு வளையுங்கள். ஒவ்வோர் அடுக்கும் தன்பாட்டுக்குச் சுலபமாக வளைகிறது. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, ஓரத்தில் குட்டிப் படிக்கட்டாக நிற்கிறது. இந்த நிலையில் அடுக்குகளுக்கு நடுவே பசை இருந்து, அது இறுகிப்போனால்? கூய் லாப்பிஸ் நிமிர நினைத்தாலும் முழுதாக முடியாது. நிமிர வேண்டுமானால் எல்லா அடுக்கும் வந்த வழியே வழுக்கிப் போக வேண்டும், பசை வழிவிடாது.

(கெட்டிப்பாலைப் பசையாகப் பூசிச் சோதித்தேன். முடிவை எறும்புகள்தாம் அறிவித்தன. உவமையை இதற்குமேல் இழுத்தால் கிழியும்.)

எனக்குப் பிடித்த கணக்கு இங்கேதான் இருக்கிறது. நான்கு பட்டைகளை ஒட்டாமல் வளைத்தால் விறைப்பும் நான்கு பங்குதான். ஒட்டிய பிறகு அது நான்கு மடங்கு கனமுள்ள ஒரே மரம். விறைப்பு கனத்தின் மும்மடியாக ஏறுவதால், 4×4×4, அதாவது 64. அச்சில் வளைத்தபோது 4ஆக இருந்த விறைப்பு, நிமிரப் பார்க்கும்போது 64. ஆகவே கிளாம்ப்பைக் கழற்றியதும் வளைவில் பதினாறில் ஒரு பங்குதான் நிமிரும். எத்தனை பட்டையோ அதன் வர்க்கத்தில் ஒரு பங்கு: இரண்டென்றால் நான்கில் ஒன்று, மூன்றென்றால் ஒன்பதில் ஒன்று, ஏழென்றால் நாற்பத்தொன்பதில் ஒன்று.

அச்சில் 9 சென்டிமீட்டர் வளைவு வைத்தால் மூன்று பட்டை வில்லில் 1 சென்டிமீட்டர் போகும். ஏழு பட்டையில் 2 மில்லிமீட்டர்கூடப் போகாது. அந்த ஒரு சென்டிமீட்டரை முன்கூட்டியே அச்சில் சேர்த்து வெட்டிவிட்டால் கதை முடிந்தது. ஏழு பட்டைக்கு ஆறு பசைக்கோடுகள். ஆறிலும் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது பதினான்கு வயதுப் பையனுக்கு மட்டுமல்ல, தச்சருக்கும் தலைவலி.

அந்த மூன்றும் எவை? வளைகிற வில்லில் வேலை முழுக்க வெளிப்பக்கங்களுக்குத்தான். எய்பவரைப் பார்க்காத முதுகு இழுபடும், அவரைப் பார்க்கும் வயிறு நசுங்கும். ஒரே கனமும் ஒரே மரமுமான மூன்று பட்டையில் நடுப்பட்டை தருகிற விறைப்பு 27இல் ஒரு பங்குதான். அதற்காக அது சும்மா இருப்பதாக நினைக்க வேண்டாம். முதுகும் வயிறும் வழுக்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அங்கே விலையுயர்ந்த மரம் தேவையில்லை. நம் பாட்டன்மார் பால் சீவிய ரப்பர் மரமே போதும். ஒரு காலத்தில் விறகாக எரிந்த அந்த மரம் இன்று மேசை நாற்காலியாக ஏற்றுமதியாவதில் கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக்கும் பங்குண்டு. கடையில் கிடைக்கும் ரப்பர் பலகை பெரும்பாலும் துண்டு துண்டாகப் பல்லிணைத்து ஒட்டியது. அதை முதுகுக்கு வைத்தால் இணைப்பில் பட்டென்று போகும். நடுவுக்கும் நீளமாக ஓடும் ஒரே துண்டாகத் தேடுங்கள்.

முதுகுக்கு மூங்கில். எஃகைவிட மூங்கில் வலிது என்று முகநூலில் சுற்றுகிறதே, அதை எடைக்கு எடை, நார் ஓடும் திசையில் மட்டும் என்று திருத்திப் படியுங்கள். நார்வழியே பாராங்கத்தி ஒன்று இறங்கினால் மூங்கில் இரண்டாகும்; எஃகு ஆகாது. நார்கள் நெருக்கமாக இருப்பது வெளித்தோலை ஒட்டி என்பதால் உட்பக்கத்தைத்தான் இழைக்க வேண்டும். நன்றாகவே இழையுங்கள். மரம் இழுவையைத் தாங்குவதில் ஏறக்குறைய பாதியளவே அழுத்தத்தைத் தாங்கும். முதுகில் தடித்த மூங்கிலை வைத்தால் அது அசையாமல் இருந்துகொண்டு வயிற்றை நசுக்கிவிடும். வயிற்றுக்கு அடர்த்தியான, நேர்நாருள்ள மரம்.

விளம்பரக்காரர்கள் பேசாத ஒன்று ஈரம். கிள்ளான் பள்ளத்தாக்குக் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், திறந்த வெளியில் கிடக்கும் மரம் தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரை வைத்துக்கொண்டிருக்கும். குளிரூட்டிய அறையில் அது 10 அளவுக்கு இறங்கும். நீர் ஒரு விழுக்காடு கூடினால் அழுத்தம் தாங்கும் திறன் சுமார் 5 விழுக்காடு குறையும். ஆகவே ஒட்டுவதற்குமுன் பட்டைகளைச் சில வாரம் மகனின் படுக்கையறையில் கிடத்துங்கள். காணொலி சொன்ன கார்பன் இலேசானது, விறைப்பானது, நீர் குடிக்காது. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்துக்கு எய்பவர்களுக்கு அது உதவும். 18 மீட்டரில் பழகும் பையனின் அம்பு விலகினால் குற்றம் கார்பனுடையதல்ல.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பசை நன்றாக இறுகி, வில்லை அச்சிலிருந்து எடுத்ததும் நுனியை உடனே அறுத்துச் சீர்செய்துவிடாதீர்கள். 4 மில்லிமீட்டர் கனப் பட்டைகள், நுனியில் 15 பாகை சாய்வு என்றால், ஒவ்வொரு பட்டையும் அடுத்ததைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளி நிற்கும். மகனைக் கூப்பிட்டு அந்தப் படிக்கட்டை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டைகள் வழுக்கிய தூரம் அது. இனி அவை திரும்பிப் போகவே முடியாத தூரமும் அதுதான். பிறகு ரம்பத்தை எடுக்கலாம்.